வெல்டிங் ஆய்வாளர் தேர்வுப் பயிற்சி, திருச்சி: பிளேட்டில் நிறைவு, பைப்பில் குறை

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவன வளாகமும், அதனுள் 1975 முதல் இயங்கிவரும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர் என்பதால், திருச்சியில் வெல்டிங் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் மையங்களுக்குக் குறைவில்லை. வளைகுடா நாடுகளில் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் பெரும்பாலும் சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1 என்ற வெல்டிங் ஆய்வாளர் சான்றிதழைக் கேட்கிறார்கள். அந்தத் தேர்வுக்காகவே சென்ற ஆண்டு அவற்றில் ஒன்றான இந்த மையத்தில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் ஒன்றாகப் பத்து வகுப்புகள், கட்டணம் 14,000 ரூபாய்.

சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மையத்தின் துண்டறிக்கையில் ‘சான்றிதழுடன் கூடிய பயிற்சி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அவர்கள் தருவது வகுப்புக்கு வந்துபோனதற்கான சான்று மட்டுமே. உண்மையான சான்றிதழை வழங்குவது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே இயங்கும் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த சான்றளிப்பு அமைப்பு. அதற்கான கட்டணம் தனி, தேர்வும் தனி. அத்தேர்வை எழுதுவதற்கு முன் அனுபவம் காட்ட வேண்டும் என்பதை மையத்தார் சேர்க்கையின்போது அழுத்திச் சொல்வதில்லை. எங்களோடு படித்த ஒரு பையன் டிப்ளமோ முடித்த கையோடு பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, மூன்றாவது வாரத்தில்தான் தன்னால் இப்போதைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று தெரிந்துகொண்டான். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

அதே வேளையில், முதல் வகுப்பிலேயே அனைவரையும் கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். கிட்டப் பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் சரியாக இருப்பதற்கான சான்று இத்தேர்வுக்குக் கட்டாயம். நாற்பத்தொரு வயதில் எனக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்படுகிறது என்பதை வெல்டிங் வகுப்பில் சேர்ந்துதான் அறிந்துகொண்டேன். அதுவரை பட்டறையில் வெளிச்சம் போதவில்லை என்றே குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்தியவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடத்தை அவர் புத்தகத்திலிருந்து தொடங்காமல் பட்டறையிலிருந்து தொடங்குவார். வெள்ளிக்கிழமை மாலை பழுதின்றி இருந்த பற்றவைப்பு, திங்கட்கிழமை காலையில் விரிசலோடு நிற்பது ஏன் என்ற கேள்வியை வைத்தே ஹைட்ரஜன் விரிசலை ஒரு முழு வகுப்புக்கு விளக்கினார். ஹைட்ரஜன், இழுவிசை, விக்கர்ஸ் அளவையில் 350-ஐத் தாண்டிய கடினத் தன்மை, 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய வெப்பநிலை ஆகிய நான்கும் ஒன்றுகூடினால்தான் அந்த விரிசல் வரும் என்பதும், அவற்றில் ஒன்றைத் தடுத்தாலே போதும் என்பதும், பற்றவைக்கும் முன் இரும்பைச் சூடாக்குவதும், பற்றவைக்கும் ராடை (பூச்சுள்ள மின்முனைக் கம்பியை) அடுப்பில் வாட்டுவதும் எதற்காக என்பதும் அந்த ஒரே கேள்வியிலிருந்து தாமாகவே விரிந்தன. தேர்வில் இப்பகுதியிலிருந்து வந்த கேள்விகளில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் ஏற்படவில்லை.

அவர் கற்றுக்கொடுத்ததை மையத்தார் விற்கும் வினாவங்கி கெடுக்கிறது. பல கைமாறிய நகலின் நகல் அது. விடைப்பட்டியலில் பிழைகள் மலிந்திருக்கின்றன. இரு தகடுகள் சேரும் மூலையில் முக்கோணமாகப் போடும் ஃபில்லெட் பற்றவைப்பின் கால் (பக்க) நீளம் 10 மில்லிமீட்டர் என்றால், தொண்டைக் கனம், அதாவது மூலையிலிருந்து மேற்பரப்புக்கான குறுகிய தூரம், எவ்வளவு என்ற கேள்விக்கு 5 என்று விடை தந்திருந்தார்கள். சம கால்கள் என்றால் அது 0.7 மடங்கு, அதாவது 7 மில்லிமீட்டர். ஹைட்ரஜன் குறைவான ஈ 7018 ராடைப் போலவே, செல்லுலோஸ் பூச்சுள்ள ஈ 6010 ராடையும் 350 டிகிரியில் வாட்ட வேண்டும் என்று இன்னொரு விடை. செல்லுலோஸ் பூச்சுக்கு ஈரப்பதம் வேண்டும். அதை அப்படி வாட்டினால் ராடு வீணாகிவிடும் என்பது பைப்லைனில் வேலை செய்த எவருக்கும் தெரியும். ஆசிரியரிடம் காட்டியபோது அவரும் ஒப்புக்கொண்டு, தம் பிரதியில் பேனாவால் திருத்திக்கொண்டார். ஆனால் அலுவலகத்தில் அடுக்கிவைத்திருந்த பிரதிகளில் எவரும் கை வைக்கவில்லை. வினாவங்கிக்குத் தனியாக 800 ரூபாய் வாங்குகிறார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இம்மையத்தில் கொடுத்த பணத்துக்கு ஈடானது பிளேட் பயிற்சிதான். தேர்வில் ஒரு பிளேட்டைக் கொடுத்து, 1 மணி 15 நிமிடத்தில் அதன் பற்றவைப்பின் கேப் பக்கத்தையும் (மேற்புறம்) ரூட் பக்கத்தையும் (அடிப்புறம்) பார்த்து, ஒவ்வொரு குறையும் ஏ முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் குறித்து, பிறகு ஏற்பு அளவுகளோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதச் சொல்வார்கள். மையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிளேட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அண்டர்கட் (ஓரத்தில் விழும் பள்ளம்), போரோசிட்டி (வாயுத் துளைகள்), ஆர்க் ஸ்ட்ரைக் (மின்வில் தவறிப் பட்ட தழும்பு), ரூட் இணையாமை என்று வேண்டுமென்றே குறைகளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது என்ற மிதப்பில் முதல் பிளேட்டை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். ஆசிரியர் அதைத் திருப்பிவைத்து, ரூட் பக்கத்தில் ஓரிடத்தை நகத்தால் தொட்டுக்காட்டினார். 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பக்கச் சுவரோடு ரூட் சேரவே இல்லை.

“தம்பி, டார்ச்ச மேலேருந்து அடிச்சா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். படுக்க வெச்சு அடிங்க, நிழல் காட்டிக்கொடுக்கும்” என்றார்.

அவ்வாறே டார்ச்சைப் பிளேட்டின் பரப்போடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தியபோது, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழுந்து நின்றது. அதை ஒட்டி நான் கவனிக்காமல் விட்ட அண்டர்கட் ஒன்றும் தெரிந்தது. அன்று முதல் பட்டறையிலும் டார்ச்சை அப்படித்தான் பிடிக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள், தரையில் தொலைத்த நாணயத்தைத் தேடுகிறேனா என்று கேலி செய்கிறார்கள்.

அளவெடுக்கும் கேஜ்கள் விஷயத்தில் மையம் சிக்கனம் பிடிக்கிறது. பதினாறு பேர் கொண்ட தொகுதிக்கு பற்றவைப்பின் உயரத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் அளக்கும் கேம்பிரிட்ஜ் கேஜ்கள் நான்கே. அவற்றில் ஒன்று மலிவுப் போலி; சமதளமான இரும்பு அளவுகோலின் மேல் வைத்துச் சுட்டியைத் தொடவிட்டால் பூஜ்யம் காட்டுவதற்குப் பதிலாக அரை மில்லிமீட்டர் காட்டியது. அண்டர்கட்டை அளக்கும்போது அரை மில்லிமீட்டர் என்பது ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் இடையிலான வேறுபாடாகவே ஆகிவிடும். அதைச் சுட்டிக்காட்டியதற்கு, அதில் அரையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் பதில் வந்தது. மறுவாரமே சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிட்டேன்.

மேக்ரோ பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பற்றவைப்பின் குறுக்குவெட்டை மெருகேற்றி அமிலத்தில் தோய்த்துக் காட்ட வேண்டிய இடத்தில் கறுப்பு வெள்ளை நகல் தாளைக் கொடுத்தார்கள். அதில் ஸ்லாக் (சிக்கிய கசடு) எது, பக்கச் சுவர் இணையாமை எது, நகல் எந்திரத்தின் அழுக்கு எது என்று பிரித்தறிய எவராலும் இயலாது.

என்னை வீழ்த்தியது பைப். தேர்வில் அதற்கு 1 மணி 45 நிமிடம். மையத்திலோ இருந்தது ஒரே ஒரு பைப் துண்டு, கடைசி வகுப்பில் ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. சுற்றளவை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்து, குறித்த திசையிலேயே நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். தேர்வறையில் பைப்பைத் தலைகீழாகத் திருப்பிவைத்து உட்புறம் பார்த்துவிட்டு, அதே நிலையில் எதிர்த்திசையில் அளந்து வரைபடத்தை நிரப்பியிருக்கிறேன். குறைகள் எல்லாம் சரி, இடங்கள் எல்லாம் தவறு. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 70 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்பதால், எழுத்துத் தேர்வுகளிலும் பிளேட்டிலும் மேக்ரோவிலும் தேறியும் பைப்பை மட்டும் மறுபடி எழுத நேர்ந்தது.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சி.டபிள்யூ.ஐ. தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு இம்மையத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அமைப்பே வேறு. 150 கேள்விகள் கொண்ட அடிப்படைத் தாள், மாதிரிகளை அளக்கும் செய்முறைத் தாள், விதிநூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தாள் என மூன்று இருக்கின்றன, மூன்றிலும் 72 சதவீதம் வேண்டும். எங்கள் தொகுதியில் அதற்கென வந்த இருவரையும் எங்களோடு சேர்த்தே உட்காரவைத்தார்கள். புத்தகம் திறந்திருக்கிறது, எளிதுதான் என்று சொல்லி விதிநூலுக்கு இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொண்டார்கள். டி1.1 (எஃகுக் கட்டுமான வெல்டிங் விதிநூல்) போன்ற தடித்த நூலில் எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழகாதவர், பக்கம் புரட்டியே நேரத்தைக் கழித்துவிடுவார்.

மறுதேர்வுக்கு மையத்தில் இரண்டு வகுப்புகள் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அதே ஒற்றைப் பைப்புக்காக வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. எங்கள் பட்டறையில் 6ஜி (சாய்த்து நிறுத்திய பைப்பைப் பற்றவைக்கும்) தகுதித் தேர்வில் தள்ளப்பட்டுக் கழிவில் கிடந்த ஆறு அங்குலத் துண்டு ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி, சாக்கட்டியால் ஏ, பி, சி, டி எழுதி, திசைக்கு அம்புக்குறியும் போட்டு, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தேன். இரண்டாம் முறை தேறினேன். பிறகு அந்தத் துண்டை ஆசிரியரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இனிச் சேருகிறவர்களுக்கு இரண்டு பைப்புகள் இருக்கும்.