சனிக்கிழமைத் திருப்பலி: தம்பியோடு பதினோரு மாதம் போய்வந்த அனுபவம்

சிறப்புப் பள்ளி வாசலில் இதுவரை மூன்று அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள், "உங்க தம்பியை எங்கேயோ சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே, நல்லா இருக்கா?" என்று. ஆளுக்கு ஒருமுறை சொல்வதற்கு மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தென்சென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6.30 வரை, டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கூடுகிறார்கள். பாட்டு, கொஞ்சம் பேச்சு, குட்டித் திருப்பலி (பூசை), அப்புறம் டீ, வடை. பைசா செலவில்லை. பங்கின் பெயரைப் போடவில்லை. முப்பது பேருக்கு மேல் அந்தக் கூடம் தாங்காது, தவிர கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

என் தம்பிக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம். பேச்சு குறைவு. கோயில் என்றால் உயிர், ஆனால் சத்தம் ஆகாது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி போனால் வேட்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே மாதாவைப் பார்ப்பான். அவனுக்குப் பத்து வயதில், தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் புதுநன்மை (சேசுவின் உடலென்று நம்பி வாங்கும் நற்கருணை அப்பத்தை முதன்முறை வாங்குவது) எடுத்தபோது, அம்மா முன்கூட்டியே வெள்ளைச் சட்டை வாங்கி வைத்துவிட்டு மறைக்கல்வி டீச்சரிடம் போய்க் கேட்டார். டீச்சர் சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "அவன் ஏற்கெனவே சம்மனசு மாதிரிதானேம்மா, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?" அம்மா வீட்டுக்கு வந்து சட்டையை மடித்துப் பீரோவில் வைத்தார். தேவதூதன், சிறகு இருக்கிறது என்று சொல்லியே வரிசையிலிருந்து தள்ளிவிடுகிற இந்த மரியாதையை, இப்படிப் பிள்ளை இருக்கிற எல்லா வீடும் ஒருமுறையாவது பார்த்திருக்கும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், திருச்சபையே அப்படிச் சொல்லவில்லை. புதுநன்மைக்குச் சுமார் ஏழு வயதின் விவரம் போதும், முழு இறையியலும் தெரிய வேண்டியதில்லை என்று போப் பத்தாம் பயஸ் 1910-லேயே சொல்லிவிட்டார். அமெரிக்க ஆயர்கள் 1995-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: நற்கருணையைச் சாதாரணச் சாப்பாட்டிலிருந்து வேறுபடுத்தத் தெரிந்தால் போதும், அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சைகையோ பக்தியான மௌனமோ காட்டினாலே போதும். மாற்றுத்திறனாளிகளுக்கு மற்ற எல்லோரையும் போல அருளடையாளங்களை (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவற்றை) பெற உரிமை இருக்கிறது என்று போப் பிரான்சிஸ் 2020 டிசம்பர் 3 செய்தியில் திரும்பவும் சொன்னார். இதெல்லாம் எங்கள் பங்கு அறிவிப்புப் பலகைக்கு மட்டும் வந்து சேரவே இல்லை.

சரி, கூடுகைக்கு வருகிறேன். ஃபெய்த் அண்ட் லைட் என்ற உலகளாவிய இயக்கத்தின் பாணியைப் பார்த்துத் தொடங்கியதாம், ஆனால் அதோடு முறையான இணைப்பு கிடையாது. அந்த இயக்கத்தின் கதை என்னை ரொம்ப உறுத்தியது. பிரான்ஸில் ஒரு தம்பதி, இரண்டு மகன்களுக்கும் கடுமையான குறைபாடு. மாதா திருத்தலமான லூர்துக்கு யாத்திரை போனால் ஓட்டலில் பொது உணவறைக்கு வரக்கூடாது, அறையிலேயே சாப்பிடுங்கள் என்றார்களாம். அந்த வலியிலிருந்து 1971 ஈஸ்டருக்கு லூர்தில் பன்னிரண்டாயிரம் பேர் கூடிய ஒரு யாத்திரை பிறந்தது, அதிலிருந்து இயக்கம். மாதம் ஒரு கூட்டம், அதில் பகிர்வு, செபம், கொண்டாட்டம். இது போக 'நான்காவது நேரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது, போன் பண்ணுவது, பிறந்தநாளுக்குப் போய் நிற்பது. இங்கேயும் அதைப் பின்பற்றுகிறார்கள், சும்மா பெயருக்கு இல்லை. தம்பி டெங்குவில் படுத்தபோது இரண்டு பேர் இளநீர் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆறு பட அட்டை. பாட்டு, மெழுகுதிரி, கதை, அப்பம், அமைதி, வடை. ஒவ்வொன்றும் முடிந்ததும் யாராவது ஒருவர் போய் அந்த அட்டையைத் திருப்பி வைப்பார். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் தம்பிக்குப் பாதிப் பதற்றம் போய்விடும், மற்ற வீட்டாரும் அதையே சொன்னார்கள். மைக் கிடையாது. மணி கிடையாது. சாம்பிராணி கிடையாது. திருப்பலி முப்பத்தைந்து நிமிடம், நடுவில் எழுந்து நடக்கலாம், கத்தலாம், யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க மாட்டார்கள். வாராவாரம் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே பூசை பார்த்து, ஒரு வார்த்தை பிரசங்கம்கூடக் காதில் விழாமல் வீட்டுக்கு வந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

புதுநன்மைத் தயாரிப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஆள் மாறினதே அங்கேதான். திருப்பலியில் நற்கருணையாக அர்ச்சிக்காத வெறும் அப்பத்தை வைத்துப் பழக்கினார்கள். அது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, இரண்டு மாதம் தம்பி துப்பினான். நான் கூனிக் குறுகி நின்றேன், சிஸ்டர் ஒன்றும் பேசாமல் டிஷ்யூவை நீட்டினார். அப்புறம் கால் துண்டு, அதுவும் பழகியபின் அரைத் துண்டு, பின்னாலேயே ஒரு வாய் தண்ணீர். எவ்வளவு சின்னத் துண்டானாலும் முழு நற்கருணைதான், ஆகவே அளவு பிரச்சினையே இல்லை என்று ஃபாதர் சொன்னார். ஏழாவது மாதம் மேசையில் இரண்டு தட்டு வைத்தார்கள், ஒன்றில் மேரி பிஸ்கட், இன்னொன்றில் அப்பம். சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பி பிஸ்கட்டைக் காட்டி "டீ" என்றான். அப்பத்தைக் காட்டி "சேசு" என்றான், வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினான். வாட்சை ஏன் கழற்றினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளில் ஃபாதர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி அப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பிக்கு 'ஆமென்' வாயில் வர நேரமாகும். இருபது நொடி இருக்கும். நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன், அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். ஃபாதரும் உதவவில்லை, அடுத்த ஆளுக்கும் போகவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆ... மே." அவ்வளவுதான். பத்து வயதுச் சட்டை எங்கே போடுவது, புதிதாக எக்ஸ்எல் வாங்கினோம். பழையது பீரோவிலேயே இருக்கிறது.

குறைகள் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள், ஆனாலும் ஆரம்பத்தில் எல்லோருக்கும் பொதுவாக "குழந்தைங்களா!" மீசை நரைத்த ஒரு அண்ணனை முயல் மாதிரிக் குதிக்கச் சொன்ன மாதம் நான் பாதியில் எழுந்து வெளியே போய் ஒருங்கிணைப்பாளரிடம் சத்தம் போட்டேன். மறு மாதம் முதல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்த அண்ணன்தான் இப்போது மெழுகுதிரி ஏற்றுகிறார். கூடம் தரைத்தளம், ஆனால் கழிப்பறைக்கு மூன்று படி, சாய்தளம் இல்லை, சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். கேட்காமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பழக்கத்தைச் சொல்லிச் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் கல்லூரிப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள்தான், பரீட்சை வந்தால் காணாமல் போவார்கள், அப்படிப் போன ஒரு பையன் பெயரை தம்பி நாலு மாதமாக வாசலில் நின்று கேட்கிறான். இதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

பெரிய கோபம் ஒன்று. விருந்தினராக வந்த ஒருவர், யாரையும் கேட்காமல் தம்பி தலையில் கை வைத்து, கட்டுகள் உடையட்டும் என்று கத்தி செபிக்க ஆரம்பித்தார். தம்பி மேசைக்கு அடியில் போய்விட்டான், வெளியே கொண்டுவர அரை மணி. இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது, கருவிலேயே அப்படி, அதில் உடைக்க எந்தக் கட்டு இருக்கிறது? ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அனுமதி இல்லாமல் யார் மேலும் கைவைத்து செபிக்கக் கூடாது என்று இப்போது விதி.

விதி என்றதும் இன்னொன்று. முன்னே சொன்ன ஃபெய்த் அண்ட் லைட் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஜான் வனியே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லங்களை 1964-இல் தொடங்கியவரும் அவரே. பெங்களூரில் 1970-இல் தொடங்கிய ஆஷா நிகேதன் அந்த லார்ஷ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அங்கே எல்லா மதத்தாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். வனியே, புனிதர் என்றே பலர் நினைத்த மனிதர். அவர் இறந்தபின் லார்ஷே ஏற்பாடு செய்த விசாரணையில், ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தினார் என்று 2020-இல் வெளிவந்தது, 2023 அறிக்கையில் எண்ணிக்கை குறைந்தது இருபத்தைந்து. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல. இருந்தாலும் நான் முதல் நாளே நேராகக் கேட்டேன்: இங்கே தனியறை உண்டா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள், புகார் யாரிடம்? ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்கவில்லை. தனியாக யாரும் யாரோடும் இல்லை, கழிப்பறைக்கு வீட்டார் மட்டும், புகாருக்குப் பங்குக்கு வெளியே ஒரு அம்மாவின் எண் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. நீங்கள் எங்கே போனாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள், முகம் சுளித்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

கிறிஸ்தவர் இல்லாத குடும்பம் ஒன்றும் வருகிறது. நற்கருணை கிடையாது, நெற்றியில் சிலுவை போட்டு ஆசி மட்டும், அதுவும் அவர்களே கேட்டால். மதம் மாறச் சொல்லி ஒரு பேச்சும் இதுவரை என் காதில் விழவில்லை. பெற்றோருக்குத் தனியாக அரை மணி உண்டு, பெரும்பாலும் எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள் என்பதிலேயே போய் முடியும், தீர்வு ஒன்றும் வராது, வடை நன்றாக இருக்கும்.

இந்த மாதம் காணிக்கைக்குத் தண்ணீர்க் குப்பியைக் கொண்டுபோவது தம்பி முறை. நாலு நாளாக வீட்டில் எவர்சில்வர் டம்ளரை வைத்து ஒத்திகை நடக்கிறது, கூடம் முழுக்க ஈரம். வருவதாக இருந்தால் மூன்றே முக்காலுக்கே வந்துவிடுங்கள். நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், நடுவில் கதவு திறந்தால் இரண்டு மூன்று பேருக்கு ஆகாது.