ஆங்கில மாட்யூலா, டப்பிங் வீடியோவா, பக்கத்து மிஷின்காரரா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பன்னாட்டு ஆலைகளில் கம்ப்ளையன்ஸ் டிரெயினிங் (சட்டத்தையும் நிறுவன விதிகளையும் கடைப்பிடிக்கச் சொல்லித்தரும் பயிற்சி) என்றாலே ஹெச்.ஆருக்கு முதல் தலைவலி மொழிதான். மேலே கொரியரோ ஜப்பானியரோ, அலுவலகத்தில் ஆங்கிலமும் தமிழும், உற்பத்தி லைனில் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம். நடத்தை விதி, லஞ்சத் தடுப்பு, பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் போஷ் சட்டம், இயந்திரப் பாதுகாப்பு எல்லாம் இத்தனை பேருக்கும் போய்ச் சேர வேண்டும். வழக்கத்தில் இருப்பது மூன்று வழி.

முதலாவது, தலைமை அலுவலகம் அனுப்பும் ஆங்கில மாட்யூல், அதாவது கணினியில் பார்த்து முடிக்கும் பாடம். செலவு குறைவு. யார் எப்போது முடித்தார் என்று எல்.எம்.எஸ் என்ற ஆன்லைன் பயிற்சித் தளத்தில் தானாகப் பதிவாகிவிடும். ஆடிட்டர் கேட்டால் ஒரே ஷீட்டில் எடுத்துக் கொடுக்கலாம். கொள்முதல், நிதி, விற்பனைக்காரர்களுக்கு இதுவே போதும். (லஞ்சத் தடுப்பைப் பொறுத்தவரை உண்மையான ஆபத்து இருப்பது கஸ்டம்ஸ் ஏஜென்டிடமும் லைசென்ஸ் வாங்கித் தரும் கன்சல்டன்டிடமும்தான். அவர்களுக்குப் பல இடங்களில் எல்.எம்.எஸ் லாகினே கிடையாது.)

லைனுக்கு இது ஒத்துவராது. பதிவு கையில் இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணமும் சரியில்லை. ஒரு நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் ஏற்பாட்டை எடைபோட அமெரிக்க நீதித்துறை தன் அரசு வழக்கறிஞர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டியில், பயிற்சி கேட்பவருக்கு ஏற்ற வடிவிலும் மொழியிலும் இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. 2020 திருத்தத்தில், சந்தேகம் கேட்க வழி இருந்ததா என்பதையும் சேர்த்தார்கள். அங்கே வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான ஓஷா 2010லேயே சொல்லிவிட்டது: தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும், அந்த மொழியிலேயே அவருக்குப் புரிகிற சொற்களிலும் பயிற்சி இருக்க வேண்டும்.

இரண்டாவது, டப்பிங் வீடியோ. எழுதப் படிக்கத் தடுமாறுபவருக்கும் காது வழியாகப் போய்ச் சேரும்; அது பெரிய பலம். ஏ.ஐ. குரல் வந்த பிறகு செலவும் இறங்கிவிட்டது. ஆனால் பாலிசியில் ஒரு வரி மாறினாலும் எல்லா மொழியிலும் மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் மாறிவிடும், மற்றவை பழைய வரியையே பேசிக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது, 'இந்தி போட்டாயிற்று, வடக்கத்திக்காரர் எல்லோருக்கும் ஆயிற்று' என்ற முடிவு. ஒடிசா கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்கு இந்தி தெரியலாம். பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதையெல்லாம் பிடித்துக்கொள்ள அந்த இந்தி போதாது. இந்தக் கஞ்சத்தனத்துக்கு நம் சட்டமும் இடம் கொடுத்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்கச் சொன்னது. மீதிப் பேரைப் பற்றிப் பேச்சில்லை.

அப்புறம் வீடியோ முடிவில் வரும் அந்தக் குவிஸ். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு டேப்லெட்டைச் சுற்றி எட்டுப் பேரை நிறுத்தி, லைன் லீடரே விடைகளைத் தட்டி முடிப்பது இந்தத் துறையில் யாருக்கும் புதிதல்ல. எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு.

மூன்றாவது, அதே மொழி பேசும் சக தொழிலாளி ஒருவரைப் பழக்கி, பத்துப் பதினைந்து பேரை உட்கார்த்திப் பேச வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். மிஷினின் பாதுகாப்பு மறைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதை அந்த மிஷினையே காட்டிச் சொல்ல அவரால் முடியும், "சூப்பர்வைசரே கழற்றச் சொன்னால் என்ன செய்வது?" என்று திருப்பிக் கேட்கவும் அங்கே வாய் வரும். வீடியோவிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

இதற்கும் விலை உண்டு. லைனிலிருந்து ஆளை எடுக்க வேண்டும், உற்பத்தி மேலாளர் முகம் சுளிப்பார். ஒருவர் சொன்னது மாதிரி இன்னொருவர் சொல்லமாட்டார். பதிவு என்பது வெறும் கையெழுத்துத் தாள். எல்லாவற்றுக்கும் மேலே, யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. லைன் லீடரையோ கான்ட்ராக்டரின் ஆளையோ போஷ் வகுப்பெடுக்க நிறுத்தினால், யாரைப் பற்றிப் புகார் வரக்கூடுமோ அவரே வாத்தியார் ஆகிவிடலாம். ஆடை ஆலைகளில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இதைச் சரியாகப் பிடித்தது. ஆடை தயாரிக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அதை வாங்கும் ஹெச் அண்ட் எம் ஒரு பக்கம், டி.டி.சி.யூ தொழிற்சங்கமும் அதன் கூட்டாளி அமைப்புகளும் மறு பக்கம். அதில் பயிற்சியில் தொழிற்சங்கத்துக்குப் பங்கு தந்தார்கள். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தயார்செய்தார்கள். எல்லா ஆலை நிர்வாகமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது என்பது வேறு கதை.

ஆகவே நான் பிரிப்பது இப்படி: அலுவலகத்துக்கு ஆங்கில மாட்யூல்; விடுப்பு, சம்பளச் சீட்டு, கேட் விதி மாதிரி ஒருவழிச் செய்திக்கு டப்பிங்; போஷுக்கும் இயந்திரப் பாதுகாப்புக்கும் நேரடிப் பேச்சு, அதற்கு ஒரு பக்கக் குறிப்பு எல்லா மொழியிலும். பணம் போதாவிட்டால் டப்பிங்கில் கை வைக்கலாம், நேரடிப் பேச்சில் வேண்டாம்.

வீடியோ செய்துதரும் வெண்டரிடம் ஆர்டர் கொடுக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எழுதித் தர முடியாத பெண்ணுக்குப் புகாரை எழுத உள்ளகக் குழு உதவ வேண்டும் என்கிறது போஷ் சட்டத்தின் 9ஆம் பிரிவு. உங்கள் குழுவில் ஒடியாவோ வங்காளமோ தெரிந்தவர் யார்? புகார் ஹாட்லைனை எடுப்பவர் எந்த மொழியில் பேசுவார்? இதற்கு ஆள் இல்லையென்றால் முதல் செலவு இங்கேதான். வீடியோ அடுத்த பட்ஜெட்டில் வரட்டும்.