அலமாரியில் எட்டு வருட ஸ்பாம்

எட்டு வருடம் முன்பு, வேலைக்காகக் கொரியாவின் சுவோனுக்கு வந்த புதிதில், சுசோக்குக்கு அலுவலகத்தில் பெரிய பரிசுப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். சுசோக் இங்கே அறுவடைத் திருநாள், நம் பொங்கல் மாதிரி. இனிப்பு என்று நினைத்துத் திறந்தால், வரிசையாக ஒன்பது ஸ்பாம் டின். டின்னில் அடைத்த பன்றிக்கறியையா பண்டிகைக்குக் கொடுப்பார்கள்? அலமாரியில் தள்ளிவிட்டு மறந்துபோனேன்.

டிசம்பரில் ஒரு ராத்திரி, வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வெளியே மைனஸ் பத்து. குக்கரில் சோறு மட்டும் இருந்தது. அன்றைக்கு உடைத்ததுதான் முதல் டின்.

மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, பக்கவாட்டில் அமுக்கினால் 'ப்ளக்' என்று செங்கல் மாதிரி விழும். மேலே ஒட்டியிருக்கும் ஜெல்லியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், சட்டியில் உருகிவிடும். எண்ணெயே தேவையில்லை, அதன் கொழுப்பிலேயே வறுபடும். மெல்லிசாக நறுக்கி, அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் ரப்பர்தான். சுடுசோற்றின்மேல் ஒரு துண்டு வைத்து, கிம் என்கிற கடற்பாசித் தாளில் சுற்றினால் ஒரே வாய்.

பெட்டியின் மரியாதை எனக்குப் புரிந்தது கீழ்வீட்டுப் பாட்டியால். "அந்தக் காலத்தில் இது பணக்கார வீட்டுச் சாப்பாடு" என்றார். ஹார்மெல் கம்பெனி 1937இல் அமெரிக்காவில் தொடங்கிய சரக்கு இது. 1950-53 கொரியப் போரில் அமெரிக்கப் படையோடு இங்கே வந்தது. கறியே கண்ணில் படாத காலம். முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பாமையும் சாசேஜையும் கிம்ச்சி என்கிற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயோடு கொதிக்க வைத்ததுதான் புதே ஜிகே. படைமுகாம் குழம்பு என்று அர்த்தம். சோலுக்கு வடக்கே உள்ள உய்ஜங்பு நகரத்தில் அதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. 1987 முதல் ஸ்பாம் கொரியாவிலேயே தயாராகிறது.

குறை என்றால் உப்பு. ராத்திரி சாப்பிட்டால் விடியும்வரை தண்ணீர் தாகம். நறுக்கிய துண்டுகளை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் அடங்கும். உப்பு குறைத்த வகையும் வாங்கிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. கறி கெடாமலிருக்க நைட்ரைட் என்கிற உப்பு வேறு சேர்க்கிறார்கள் என்பதால் மாதம் இரண்டு டின்னோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம்மூர் வழியில் மிளகு வறுவல் செய்தது படுதோல்வி. முட்டைப் பொடிமாஸில் உதிர்த்துப் போட்டது மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது.

இந்த சுசோக்குக்கு அலுவலகத்தில் ஷாம்பூ, பற்பசை செட் கொடுத்தார்கள். சரி என்று அதைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து, நாலு ஸ்பாம் டின் மாற்றிக்கொண்டேன்.