பழைய போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்: சரக்கு தீர்வதற்குள் வாங்கிவிடலாமா?

என் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600 பிராசசர். 2017-ல் வந்த சிப். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பதும், நடுநடுவே வீடியோ எடிட் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. இரண்டுக்கும் முணுமுணுக்காமல் உழைத்தது. அதை மாற்றும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் சிப்களின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வாடிக்கையாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை வைத்திருக்கும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் காலம் தள்ள எனக்கு மனசில்லை.

எதிரே இரண்டு வழி. ஒன்று, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஏஎம்டியின் புது சாக்கெட்டான (போர்டில் சிப் செருகும் இடம்) ஏஎம்5-க்குப் போவது. அந்த சாக்கெட் 2022-ல் வந்தது, டிடிஆர்5 ராம் மட்டுமே ஏற்கும். அதனால் சிப், போர்டு, ராம் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கியாக வேண்டும். இன்னொன்று, இருக்கும் பி450 மதர்போர்டிலேயே, அதன் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கடைசித் தலைமுறை சிப் ஒன்றைச் செருகுவது.

"ஏஎம்4 செத்துவிட்டது, கிடைக்கும்போதே வாங்கிப் போடு" என்று சொல்லாத நண்பர் இல்லை. அதை அப்படியே நம்பாதீர்கள். வருஷா வருஷம் இதைச் சொல்கிறார்கள், ஏஎம்டியோ 2024 ஜூலையில் 5800எக்ஸ்டி என்று அதே சாக்கெட்டுக்கு இன்னொன்றை இறக்கியது. 5600, 5700எக்ஸ் மாதிரி சாதாரண சிப்கள் ஒரே நாளில் மறையப்போவதில்லை. அருகிப்போனவை கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) கொண்ட எக்ஸ்3டி ரகங்கள்தான். 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டையும் புதிதாகப் பிடிப்பது இப்போது குதிரைக்கொம்பு. செகண்ட் ஹேண்டில்கூட விலை இறங்க மறுக்கிறது.

உண்மையில் என்னை முடிவெடுக்க வைத்தது சிப் இல்லை, ராம். பெரிய மெமரி நிறுவனங்கள் டிடிஆர்4-ஐ ஓரங்கட்டத் தொடங்கிவிட்டன. 2025-ன் பிற்பகுதியில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே கிடுகிடுவென விலை ஏறின. என் போர்டில் ஏற்கெனவே 32 ஜிபி டிடிஆர்4 உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே அளவு டிடிஆர்5-க்குப் புதிதாகக் காசு கொடுப்பதா? உங்களிடம் 8 ஜிபிதான் இருக்கிறது, எப்படியும் ராம் வாங்கியாக வேண்டும் என்றால் கணக்கு வேறு. அப்போது பழைய போர்டில் பணம் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

அடுத்து எந்த சிப் என்ற கேள்வி. 5800எக்ஸ்3டி-யின் பெருமையே 96 எம்பி எல்3 கேஷ். விளையாட்டுகளில் அது அள்ளிக் கொடுக்கும். வீடியோ எக்ஸ்போர்ட்டில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை, கடிகார வேகமும் 5700எக்ஸை விடச் சற்றுக் குறைவு. நான் விளையாடுகிறவன் இல்லை. 5700எக்ஸ்: எட்டு கோர், 32 எம்பி எல்3, 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை, 65 வாட். அந்த 65 வாட்தான் எனக்கு முக்கியம். பி450 போர்டுகள் பலவற்றில் விஆர்எம் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) சுமார் ரகம். 105 வாட் சிப்பை நாள் முழுக்க ரெண்டரில் போட்டு அதை வதைக்க விருப்பமில்லை. பெட்டியில் கூலர் வராது. 1600-ஓடு வந்த ரெய்த் ஸ்பயரையே திரும்ப மாட்டினேன், தாங்குகிறது.

மாட்டுவதில் வரிசை முக்கியம். பழைய சிப் இருக்கும்போதே பயோஸை (போர்டை எழுப்பி ஓடவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும். பழைய பயோஸுக்குப் புது சிப்பை அடையாளம் தெரியாது. கழற்றி மாட்டிய பிறகு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்கும் முன்பே, டிரைவில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதை நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியையும் வேறெங்காவது எழுதி வையுங்கள். ஏனென்றால் புது சிப்போடு முதல் தடவை ஆன் செய்ததுமே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வரும்: புது சிபியு வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ (பிட்லாக்கர் போன்றவற்றின் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்ய ஒய், வேண்டாமென்றால் என். விஷயம் தெரியாதவர்கள் பதறிப்போய் பவரை அணைப்பது இந்த இடத்தில்தான். சாவி கையில் இருந்தால் ஒய் அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கூலரைக் கழற்றுவது தனிக் கலை. ஏஎம்4 சிப்பின் அடியில் 1331 பின்கள். சாக்கெட்டை மூடிப் பிடிக்கத் தகடு கிடையாது, பக்கவாட்டில் ஒரு நெம்புகோல்தான். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டால் கூலரோடு சிப்பும் பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்து, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினேன். பிறகு கூலரை நேராகத் தூக்காமல் பாட்டில் மூடியைத் திருகுவது போல இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினேன். மெல்லிய சத்தத்தோடு பிடி விட்டது, சிப் சாக்கெட்டிலேயே நின்றது.

பலன்? படங்கள் நிறைந்த முந்நூறு பக்கக் கோப்பில் பக்கம் தள்ளும்போது வந்த அந்த அரைநொடித் தயக்கம் போய்விட்டது. வேகம் என்று நான் உணர்வது பெரும்பாலும் இதைத்தான். எக்ஸ்போர்ட் ஓடும்போதே இன்னொரு கோப்பில் வேலை செய்ய முடிகிறது. பழைய சிப்பில் 3200-ல் நிலையாக நிற்காததால் 2933-க்கு இறக்கி வைத்திருந்த ராம், இப்போது எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயோஸ் அமைப்பு) போட்டதும் 3200-லேயே ஓடுகிறது. விண்டோஸ் 11-ம் மறுபேச்சில்லாமல் ஏறியது.

குறை இல்லாமல் இல்லை. சின்ன வேலைக்குக்கூட வெப்பம் சட்டென்று குதித்து இறங்குகிறது, அதற்கேற்ப ஃபேனும் ஏறி இறங்கி எரிச்சலூட்டுகிறது. பயோஸில் ஃபேனின் வேகம் சற்றுத் தாமதித்து மாறும்படி வைத்த பிறகுதான் அறை அமைதியானது. சிப்பைத் தவிர மற்றதெல்லாம் பழசுதான் என்பதையும் மறக்கக்கூடாது. பி450 என்பதால் கார்டும் டிரைவும் இணையும் தடம் பிசிஐஇ 3.0-தான், என்விஎம்இ டிரைவின் வேகம் ஒரு துளியும் ஏறாது. ஆன்போர்டு கிராபிக்ஸ் இல்லாத சிப் இது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே-யில் விளையாட நினைப்பவர்களுக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஏற்கெனவே ரைசன் 5 3600 வைத்திருக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 11 அதில் ஓடும், உங்கள் வேலை தடைபடாத வரை சும்மா இருங்கள். 1600, 1700 காலத்துக்காரர்கள், கையில் 16 ஜிபிக்கு மேல் டிடிஆர்4 இருந்தால், தாராளமாக வாங்கலாம். முதலில் போர்டு நிறுவனத்தின் சிபியு ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். பி350, எக்ஸ்370 போர்டுகள் பலவற்றுக்கும் 2022-ல் 5000 வரிசைக்கான பயோஸ் வந்திருக்கிறது. பெட்டியோடு வரும் சிப்புக்கு ஏஎம்டி மூன்று வருஷ வாரண்டி தருகிறது, பெட்டியில்லாமல் தனியாக விற்கும் ட்ரே சிப்புக்கு விற்பவர் சொல்வதுதான் வாரண்டி. செகண்ட் ஹேண்ட் என்றால் பணம் கொடுக்கும் முன் சிப்பைக் கவிழ்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, பின் வரிசைகள் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று எல்லாப் பக்கமும் பாருங்கள்.