ஹெட்செட்டில் டேபிள் டென்னிஸ்: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

2023இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகில் ஆடும் இந்த விஆர் ஹெட்செட்டை வாங்கினேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் மண்டபம் பாதி மாலைகள் இருண்டு கிடந்தது. ஹெட்செட்டுக்கு அதன் பேட்டரியே போதும்; இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வாரம் நான்கு நாள், வரவேற்பறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினேன்.

தலைசுற்றல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டேபிள் டென்னிஸில் எனக்கு அது வரவே இல்லை. நான் ஓரடி நகர்ந்தால் காட்சியும் ஓரடி நகர்கிறது. கார் பந்தயம் ஆடிய அன்றுதான் குமட்டியது: கண் ஓடுகிறோம் என்கிறது, உடலசைவை உணரும் உள்காதோ உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. அந்த ஆட்டத்தை அன்றே நீக்கிவிட்டேன். டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் கண்ணாடி மங்குவதும் முகப்பஞ்சு நனைவதும்தான் எனக்குப் பெரிய தொல்லை.

ஆறு மாதம் கழித்து மண்டபத்துக்குப் போனேன். எதிராளியின் மட்டைக் கோணத்தைப் பார்த்தே சர்வீஸ் எங்கே விழும் என்று தெரிந்தது. முன்பு அது எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஆனால் அடித்த பந்தெல்லாம் மேசையைத் தாண்டிப் போயிற்று. விஆரில் மட்டைக்குப் பதில் கையில் பிடிக்கும் கருவி அதிரத்தான் செய்யும். பந்து ரப்பரில் ஒரு கணம் அழுந்தித் திரும்பும் கனத்தை அது தருவதில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், "கை நன்றாகப் போகிறது தம்பி, கால் எங்கே?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். இரண்டு மீட்டர் இடத்துக்குள் என் கால்கள் நின்ற இடத்திலேயே நிற்கப் பழகியிருந்தன.

விஆரில் பயின்றவர்கள், பயிற்சியே பெறாதவர்களைவிட நிஜ மேசையிலும் மேம்பட்டார்கள் என்று 2019இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. என் அனுபவமும் அதுவே. ஆனால் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. திரையில் கையசைவு திரிந்து தெரியும்போது அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும் சோதனை அது. ஹெட்செட் அணிந்தவர்களும் சாதாரணத் திரையில் பயின்றவர்கள் அளவுக்கே கற்றார்கள். ஆனால் உடல் தானாகத் திருந்துவதைவிட, யோசித்துத் திருத்துவதையே அதிகம் நம்பினார்கள். மண்டபத்தில் எனக்கு நேர்ந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். நிதானமாக வரும் பந்தில் சரியாக ஆடினேன். ஆட்டம் சூடுபிடித்து, யோசிக்க நேரமில்லாதபோது எல்லாம் கலைந்தது.

இப்போது விஆரில் ஒரு நாளுக்கு அரை மணி நேரம், அதுவும் ஒரே ஓர் அடியை மட்டும் பயில்கிறேன். மறுநாள் அதே அடியை மண்டபத்தில் நிஜப் பந்தோடு நூறு முறை அடிக்கிறேன். போட்டி நாளில் ஹெட்செட்டைத் தொடுவதில்லை. பக்கத்தில் மேசையும் ஆட ஒருவரும் இருந்தால், முதலில் நல்ல ரப்பர் மட்டை வாங்குங்கள். தனியாகப் பயில வேண்டியவர்களுக்கு ஹெட்செட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.