கம்பெனிக்காரரைக் குழுவில் எங்கே உட்கார வைப்பது?

சேரன்மகாதேவி, களக்காடு, வீரவநல்லூர் பக்கத்து வாழை விவசாயிகள் 600 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றை நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். பாபநாசம் அணை நீர்மட்டம், காற்றில் சாய்ந்த வாழை, இன்றைய ஏத்தன் (நேந்திரன்) வாழை விலை என்று ஓடிக்கொண்டிருந்த குழுவில் ஒருநாள் பயிர் மருந்துக் கம்பெனி ஒன்று தன் பெயரிலேயே வந்து வணக்கம் சொன்னது. வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா? இரண்டு வருஷத்தில் நாலு வழியையும் பார்த்துவிட்டோம். பைக் குழு, சோலார் பம்பு குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு என்று எங்கேயும் இதே கேள்வி வரும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கை எல்லோரையும் போல ஒரு உறுப்பினராக விட்டோம். காலை வணக்கத்தோடு விளம்பரப் படம் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. ஒரு அண்ணாச்சி, நுண்ணூட்டக் கலவை தெளித்த பிறகு இலை ஓரமெல்லாம் கருகி நிற்பதைப் படம் எடுத்துப் போட்டார். நாலே நிமிஷத்தில் கம்பெனியின் பதில்: "சிரமத்துக்கு வருந்துகிறோம் ஐயா. தனிச் செய்தியில் தொடர்பு கொள்ளவும்." அதோடு பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த வாரம் அதே கலவையை வாங்கி அடித்த இன்னொருவர் தோட்டத்திலும் அதே கருகல். முதல் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்னதான் பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். "மத்தியான வெயில்ல அடிக்கக் கூடாதாம், அளவையும் பாதியாக்கச் சொன்னாங்க" என்றார். அந்த ஒரு வரி குழுவில் வந்திருந்தால் இரண்டாவது தோட்டம் தப்பியிருக்கும். கம்பெனி பொய் சொல்லவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. ஆனால் 600 பேருக்கும் உரிய பதிலை ஒருவர் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

கோபத்தில் அடுத்து கதவைச் சாத்தினோம். எந்தக் கம்பெனிக்கும் இடமில்லை என்று அறிவித்தோம். பார்க்க நேர்மையான வழிதான், ஆனால் அவர்கள் போகவில்லை, வேஷம் மாற்றி வந்தார்கள். வாழைத்தார் படத்தை முகப்பில் வைத்த ஒருவர் ஒரே மருந்தை வாரம் மூன்று தடவை புகழ்ந்தார். "எனது 3 ஏக்கர் வாழையில் நல்ல பலன்" என்று எழுதினார். எங்கள் பக்கம் வாழை போட்டவர் ஏக்கரை முன்னால் வைத்துப் பேசமாட்டார், "ஆயிரம் ஏத்தன் போட்டிருக்கேன்" என்று எண்ணிக்கைதான் முதலில் வரும். விசாரித்ததில் அவர் விற்பனைப் பிரதிநிதி என்று தெரிந்தது. பணமோ சலுகையோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பாராட்டினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கழகம் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு 2021இல் விதி போட்டது. சின்னக் குழுவுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

கதவடைப்பில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முன்பு ஒருவர் சூடோமோனாஸையும் காப்பர் மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாம் என்று குழுவில் யோசனை சொன்னபோது, வேறொரு கம்பெனியின் வேளாண் அலுவலர்தான் தடுத்தார். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா, காப்பர் அதைக் கொன்றுவிடும், இரண்டுக்கும் செலவழித்த காசு வீண் என்று பொறுமையாக விளக்கினார். அப்படிப்பட்டவரையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்பினோம்.

மூன்றாவது, தனி அறை. நடத்துபவர் மட்டும் பதிவு போட, மற்றவர்கள் படிக்க மட்டும் முடிகிற சேனல் வசதி வாட்ஸ்அப்பில் இந்தியாவுக்கு 2023இல் வந்தது, அதில் கம்பெனி என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டோம். புதுச் சரக்கு, விலைப் பட்டியல் போன்றவற்றுக்கு அது போதும். கருகின இலை வரும் இடம் குழு, பதில் சொல்லத் தெரிந்தவர் இருக்கும் இடம் சேனல். இரண்டும் சந்திப்பதே இல்லை.

இப்போது நாங்கள் நிற்பது நாலாவது வழியில்தான்: பெயர்ப்பலகையோடு உள்ளே வரலாம், கேட்டால் பேசலாம். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போனால் தரகர் யார், ஆட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொண்டுதான் விலை பேசுகிறோம். தரகரை யாரும் விரட்டுவதில்லை, அவர் சொல்லுக்கு எவ்வளவு எடை போடுவது என்று நமக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆங்கில விக்கிப்பீடியாவிலும் வெறும் கம்பெனிப் பெயரில் கணக்கு வைக்க விடுவதில்லை. இன்ன கம்பெனியின் இன்னார் என்று ஆளைக் காட்டும் பெயராக இருந்தால் சரி. சம்பளம் வாங்கி எழுதுபவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும். அப்போதுதான் பேசியதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார்.

புகாருக்கான பதில் குழுவிலேயே வர வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பில், முகவரி, போன் நம்பர் போன்றவை தனிச் செய்தியில் போகட்டும். ஆனால் காரணம் என்ன, மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.

கணக்கு நிஜமா என்று பார்ப்பதும் எங்கள் வேலை. 2022 நவம்பரில் ட்விட்டரில் மாதம் 8 டாலருக்கு, நிஜக் கணக்கு என்று காட்டும் நீலக் குறியைக் கொடுக்க ஆரம்பித்ததும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒருவர் இன்சுலின் இலவசம் என்று எழுத, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் குறியை மட்டும் நம்புவதில்லை. மருந்துப் பாட்டிலில் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, இந்த ஆள் உங்கள் ஆள்தானா என்று கேட்ட பிறகே சேர்க்கிறோம். "கஸ்டமர் கேர்" என்று சொல்லிக்கொண்டு ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் உடனே நீக்கம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள் என்பதைக் குழுவின் மேலேயே பின் செய்து வைத்திருக்கிறோம்.

அட்மின்கள் நாலு பேரும் கம்பெனியிடமிருந்து எதையும் வாங்குவதில்லை. வயல்விழாவுக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று ஒரு கம்பெனி கேட்டது, வேண்டாம் என்றோம். அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் மருந்தைப் பற்றிய புகாரை எந்த முகத்தோடு மேலே ஏற்றி வைப்பது?

சிக்கலான ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குச் சொந்தமாக 500 வாழையும் உண்டு. அவரை விவசாயி என்பதா, வியாபாரி என்பதா என்று நாங்கள் நாலு பேரும் ஒரு மாசம் பேசினோம். கடைசியில் அவரிடமே கேட்டோம். அன்று ராத்திரியே தன் பெயருக்குப் பக்கத்தில் "உரக்கடை" என்று சேர்த்துக்கொண்டார். இப்போது அவர் ஒரு மருந்தைச் சொன்னால், "உங்க 500க்கும் அதையேதான் அடிச்சீங்களா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்கிறார்.