விளக்கு எரியும் ஆர்கேட் பட்டன்கள்: சில வருஷம் ஆடித் தேய்த்த பிறகு

வீட்டில் ஆர்கேட் பேனல் (பழைய வீடியோ கேம் மெஷின்களைப் போல ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த பலகை) செய்கிறவர்கள் விளக்கு எரியும் பட்டன்களை அழகுக்காகத்தான் வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன், ஆனால் இப்போது யாராவது கேட்டால் அவற்றின் உபயோகத்தைத்தான் முதலில் சொல்வேன்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி வைத்த பேனல் என்றால் ஒரே பலகையில் எத்தனையோ விளையாட்டு ஓடும். பேக்மேனுக்கு ஜாய்ஸ்டிக் மட்டும் போதும், ஸ்பேஸ் இன்வேடர்ஸில் சுடுவதற்கு ஒரு பட்டன். 1979-இல் வந்த ஆஸ்டராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது, எல்லாம் ஐந்து பட்டன்களில் முடிந்துவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்றால் ஆளுக்கு ஆறு வேண்டும். அதனால் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பதே "எதை அழுத்தணும் மாமா?" என்பதுதான். பழைய விளையாட்டுகளை அதில் ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளில், விளையாட்டு தொடங்கும்போது ஒரு ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓடவிடலாம், எந்த ரோம் (விளையாட்டின் கோப்பு) திறக்கிறது என்ற தகவல் அதற்கு வந்துவிடும், அதை வைத்து அந்த விளையாட்டுக்குத் தேவையான பட்டன்கள் மட்டும் எரியும்படி செய்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வியே வருவதில்லை.

ஆனால் ராஸ்பெரி பையில் வயர் மாட்டும் கம்பி முனையிலிருந்து (pin) நேராக விளக்குக்கு வயர் இழுக்காதீர்கள். அந்தப் பின் தருவது 3.3 வோல்ட், பட்டனுக்கு வேண்டியது 5 வோல்ட், மின்னோட்டமும் பின்னுக்குத் தாங்காது. நடுவே, சின்ன சிக்னலை வைத்துப் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் யுஎல்என்2803 சிப் ஒன்று போட்டால் எட்டு விளக்குகளைத் தனித்தனியாக அணைத்து ஏற்றலாம். பட்டனுக்கு ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் பதினாறு பட்டனுக்கு 320 ஆகிறது, இதை பையிலிருந்து எடுக்காமல் தனி 5 வோல்ட் அடாப்டரில் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ்) மட்டும் இணைத்துவிடுவது நிம்மதி. வாங்கும்போது 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள், 12 வோல்ட் வகையை 5-இல் போட்டால் மங்கலாகத்தான் எரியும்.

நான் போட்டது 28 மில்லிமீட்டர் ஓட்டையில் நட் போட்டு முடுக்கும் வகை. சான்வா போன்ற 30 மில்லிமீட்டர் அழுத்திச் செருகும் பட்டன்கள் விரலுக்கு இன்னும் மென்மையானவைதான், ஆனால் அவை மெல்லிய தகட்டுக்கானவை, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அவற்றின் கொக்கி பிடிக்காது.

இத்தனை நாள் உழைப்பில் முதலில் தேய்ந்தது விளக்கு இல்லை, பட்டனுக்கு அடியில் இருந்து அழுத்தலைப் பதிவு செய்யும் மைக்ரோ சுவிட்ச். அதிகம் அடிபடும் சுடும் பட்டனில் ஒரு அழுத்தலுக்கு இரண்டு பதிவாக ஆரம்பித்தது. அப்போதுதான் இந்த வகையின் அருமை தெரிந்தது: அடியில் உள்ள பிடிப்பைக் கொஞ்சம் திருகினாலே விளக்கும் சுவிட்சும் சேர்ந்து கையோடு வந்துவிடும், பட்டனின் உடல் பலகையிலேயே இருக்கும், சாலிடர் வேலையே இல்லை. விளக்கு எரியவில்லை என்றாலும் பதற வேண்டாம், எல்இடியை உருவித் திருப்பிச் செருகிப் பாருங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

குறை என்றால் நீலமும் வெள்ளையும்தான். இருட்டில் கண்ணைக் கூசும், திரையைப் பார்க்கவே விடாது. ஒவ்வொன்றோடும் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்த பிறகுதான் ராத்திரி ஆட முடிந்தது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இது தேவைப்படவில்லை. வெள்ளைப் பட்டனின் மேல்பகுதி லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, விளக்கு எரியும்போது தெரிவதில்லை.

புதிதாகச் செய்பவர்கள் பட்டனோடு கூடுதலாக நாலைந்து மைக்ரோ சுவிட்சும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சுவிட்சின் உலோகக் காலின் அகலத்தை அளந்தே லக் (வயர் முனையில் போட்டு அந்தக் காலில் செருகுவது) வாங்குங்கள். என்னுடையதில் 4.8 மில்லிமீட்டர், சான்வாவில் 2.8.